முதலில் சாப்பாடு, அப்புறம் வீடு

சார்டின் டின்னைக் கடைசிப் படியில் நிறுத்துகிறார். ஆணியை அதன் தலையில் வைக்கிறார். கையில் கிடைத்த கல்லால் ஒரே தட்டு. சிவப்புக் குழம்பு ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது. அதைச் சுட்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "நல்ல சார்டின்தான்" என்று தலையாட்டுகிறார்.

மலாயாவின் அவசரகாலத்தில் கடைக்காரர்கள் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஓட்டை விழுந்த டின் நாள்பட நிற்காது; ஆகவே காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேராது. கோலா சாவா பக்கத்தில் அந்தக் கெடுபிடி தளர்ந்து நாளாகிறது. கடைக்காரர் இப்போது முழு டின்னாகவே தருகிறார். என் அப்பா சன்னாசி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தாமே ஓட்டை போடுகிறார்.

"சட்டத்த எடுத்துட்டாங்கப்பா."

"தெரியும்லா. கை கேக்க மாட்டேங்குது."

ஓட்டை விழுந்ததை அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. யாராவது வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்தார்கள். எங்கள் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தவர்கள்.

அப்பாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பால்மரம் வெட்டி வெட்டி வலது தோள் சற்று இறங்கியிருக்கும். பிறகு மண்டோராகி, வெட்டுக்காரர்களை மேய்த்துக்கொண்டு மர வரிசைகளுக்கிடையே நடந்து பழகியவர். தார்ச் சடக்கில் நடக்கும்போதும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போவார். காக்கி அரைக்கால் சட்டை, கைவைத்த பனியன், காதில் செருகிய பாதிச் சுருட்டு. அந்தச் சுருட்டை அவர் பற்றவைத்து நான் பார்த்தது குறைவு. அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது. இப்போது அம்மா இல்லை. இன்னும் அது காதில்தான் இருக்கிறது.

அம்மா மயிலம்மாள் போன மழைக்காலத்தில் இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. புதைப்பது எங்கள் வழக்கம். எஸ்டேட் இடுகாட்டில், ஆற்றைப் பார்த்த சரிவில் புதைத்தோம். மண் இறுகுவதற்குள் எஸ்டேட் கைமாறிவிட்டது. துரைமார் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். வாங்கிய வியாபாரிகளின் கூட்டு அதைத் துண்டு துண்டாக அறுத்து விற்கத் தொடங்கியது. இடுகாடு ஒரு மூலைத் துண்டில் விழுந்தது.

விற்பனையைக் கவனித்தவர் நல்லசாமி என்ற தரகர். மோசமான மனிதர் அல்ல. வீடு தேடி வந்து சொன்னார்.

"மண்டோரே, அந்த மூலைய நோன்புப் பெருநாள் வரைக்கும் ஒங்களுக்காக நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. பக்கத்துத் துண்டு வாங்கினவரு இதையும் கேக்குறாரு. ட்ராக்டர் வுட்டுத் தள்ளிட்டு புதுக் கன்னு நடப்போறாராம்."

"அதுல ஆளுங்க படுத்திருக்காங்க, நல்லசாமி."

"படுத்திருக்கறவங்க பேர்ல கிராண்டுப் பத்திரம் இல்லியே, மண்டோரே."

அப்பாவிடம் விற்பதற்கு இருந்தது வீடு ஒன்றுதான். அதை விற்று, மூலைத் துண்டை வாங்கிவிட்டு, அம்பாங்கானில் இருக்கும் என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவது என்று அன்று மாலையே முடிவு செய்தார். விற்பதில் அவருக்கு ஒரு துளி தயக்கமும் இல்லை. விற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோலா சாவா கடைகளுக்குப் பின்வரிசையில் நின்றது அந்தப் பலகை வீடு. சப்பான்காரன் காலம் முடிந்து கட்டியது. நிலம் சர்க்காருடையது, வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மேலே நிற்கும் வீடு மட்டும் எங்களுடையது. எங்கள் ஆட்களில் எஸ்டேட் லயத்தை விட்டு வெளியே வந்து சொந்த வீடு கட்டியவர்கள் அப்போது அபூர்வம். மர ஆலையில் நல்ல கெட்டி மரமாகப் பொறுக்கி எடுத்து, லாரிக்காரனைக் கெஞ்சி ஏற்றிவந்தார். அறுத்ததும் இழைத்ததும் வேலை முடிந்த பிறகான மாலைகளில். ரம்பத்தின் மறுமுனையை அம்மா பிடித்தாள். "இழுங்க. வுடுங்க. இழுங்க." அப்பாவுக்கு அவசரம், அம்மாவுக்குத் தாளம். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே அவள் அதட்டுவாள். மரத்தூள் அவள் புருவத்தில் மஞ்சளாக ஒட்டியிருக்கும். இன்றும் புதிதாக அறுத்த மரத்தின் வாசனை வந்தால், நான் எந்த வேலையில் இருந்தாலும் சற்று நின்றுவிடுகிறேன்.

முதலில் வந்தவர் சிரம்பானில் தையற்கடை வைத்திருக்கும் மணியம். மனைவி நீலாவதியோடு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"வாங்க தம்பி, வாம்மா. மொதல்ல கைய நனைங்க. வூடு எங்க ஓடிறப்போவுது."

"சாப்ட்டுட்டுதாங்க ஐயா வந்தோம்."

"சிரம்பான்ல சாப்ட்டது பஸ்ஸுலயே செரிச்சிருக்கும்லா. குந்துங்க."

சார்டினில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நிறையப் போட்டுக் கிளறியிருந்தார். கூடவே முருங்கைக்கீரை. தட்டு காலியாவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலியாக விடவில்லை.

"நீங்களேவா சமைச்சீங்க?" என்றார் நீலாவதி.

"எம் பொஞ்சாதி சமைச்சிருந்தா நீங்க இன்னும் ரெண்டு கை போட்டிருப்பீங்கம்மா."

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினார். மணியத்துக்குப் பிடித்திருந்தது. ஜன்னலோரத்தில் நின்று, "மெசின இங்க போட்டா வெளிச்சம் நல்லா வரும்" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். அப்பா விலையைச் சொன்னார். மணியம் தன் வலது கையைப் பார்த்தார். கழுவிய கையில் மீன் வாசனை இன்னும் இருந்திருக்க வேண்டும். "நல்ல வெலதாங்க ஐயா" என்றார். இருவரும் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

சில வாரங்கள் கழித்து சிரம்பான் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மண்டோர் மவன்தானே நீங்க? அப்பாகிட்ட கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. வூடு எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. வெலதான் கொஞ்சம் தூக்கல். கொறச்சுக் கேக்கலாம்னா, அவரு கையால ரெண்டு தடவ கொழம்பு ஊத்திக்கிட்டு எப்டிங்க கேக்கறது? எவ்வளவுக்குக் கேட்டாலும், தின்ன சோத்துக்கு வஞ்சகம் பண்ற மாரி இருக்கும்லா. அம்பாங்கான்ல வேற வூடு முடிச்சிட்டேன். அந்த ஆளு பச்சத்தண்ணி குடுக்கல. அதனால நல்லா அடிச்சுப் பேசினேன்."

அப்பாவிடம் சொன்னேன்.

"கேட்டிருக்கலாம்லா. நானா வாய அடச்சேன்?"

"சோத்தப் போட்டு நீங்கதான் அடச்சீங்க. மொதல்ல வெலயப் பேசுங்க. முடிஞ்ச பெறவு விருந்து வெய்ங்க."

"வந்தவன் பட்டினியா நின்னு வெல பேசறதா? நல்லா இருக்குடா ஒன் ஞாயம்."

கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தத்தில் பேச்சு முடிந்தது.

இது அவருக்கு முன்பு இல்லாத பழக்கம். அவசரகாலத்தில் வந்தது, சரியாகச் சொன்னால், அது தளர்ந்த பிறகு வந்தது. அப்போது அரிசியைக் கார்டில் எழுதித்தான் தருவார்கள். தலைக்கு இவ்வளவு. காலையில் வெட்டுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. ஊரைச் சுற்றிப் போட்டிருந்த வேலியின் கேட்டில் பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் நிற்பாள். அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முகத்தை ரப்பர் மரங்களின் பக்கம் திருப்பியிருப்பாள்.

அந்த நாட்களில் அம்மாவின் தம்பி தங்கராஜு கோலா கிளாவாங்கிலிருந்து வந்தான். பாதி வழி லாரி, மீதி நடை. அவன் பெயர் எங்கள் கார்டில் இல்லை. அந்த வாரத்து அரிசி தீர்ந்திருந்தது. சட்டியில் இருந்த கஞ்சி எனக்கு. யாரிடமும் கடன் கேட்கவும் முடியாது; அரிசி கைமாறுவதே குற்றம். சர்க்கரை இல்லாத கோப்பியைக் கொடுத்தார்கள். தங்கராஜு அதைக் குடித்துவிட்டு, "வர்ற வழியில நல்லா சாப்ட்டேன் மாமா" என்று அப்பாவிடம் சொன்னான். எந்த வழியில்? வழி முழுக்க காடு, ராணுவம், வேலி. அப்பா வெளியே போய் விறகு பிளந்தார். தேவைக்கு மேல் பிளந்தார். அப்படிப்பட்டவரிடம் சோறு போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே தவறோ என்னவோ. ஆனால் நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

உண்மையில் அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு வேறொன்றும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஊரடங்கு நேரத்தில் எல்லாரும் வேலிக்குள் இருந்தாக வேண்டும். போக வேறு இடமில்லாததால் யாரும் எங்கும் போகவில்லை. ரேடியோ இருக்கும் வீட்டுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மா புளியங்கொட்டைகளைப் பரப்பிப் பல்லாங்குழி ஆடுவாள். அப்பா தோற்பார், கள்ளாட்டம் என்பார். அம்மா சிரிக்கிற சத்தம் பின்வரிசை முழுக்கக் கேட்கும். அவ்வளவு பயமான காலத்தில் அவ்வளவு சிரிப்பு எப்படி இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து வந்தவர் ரந்தாவில் கடை வைத்திருக்கும் ஒரு சீனத் தவுக்கே, முதலாளி. தன் தாயாரை மோட்டார் காடியில் அழைத்து வந்திருந்தார். வீடு தாயாருக்கு. அந்தத் தாயார் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறங்கினார்.

காரணம் ஒட்டுப்பால். மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பரைச் சின்னத் தோட்டக்காரர்களிடம் வாங்கி, வீட்டுக்கு அடியில் மூட்டையாகப் போட்டு வைத்திருப்பார் அப்பா. அதன் நாற்றம் தெருமுனைவரை வரும். ஆயுள் முழுக்க அதில் கிடந்தவர். அவர் மூக்குக்குத் தெரியாது. அதை எங்காவது அப்புறப்படுத்துங்கள் என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தேன். அப்புறப்படுத்தியிருந்தார், சமையலறைக்குப் பின்பக்கம். காற்று அங்கிருந்துதான் உள்ளே வரும்.

தவுக்கேவுக்கும் தாயாருக்கும் சோறு போட்டார். அவர்கள் மரியாதைக்குக் கொறித்தார்கள். பிறகு வீட்டைக் காட்டத் தொடங்கினார். மற்றவர்கள் வாசலில் தொடங்குவார்கள். அப்பா கூரையில் தொடங்கினார். எந்தத் தகரம் ஒழுகும், அதற்குக் கீழே எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு துப்பாக்கிக் குண்டு போன ஓட்டை. வேலிக்கு வெளியே இருட்டில் அசைந்த எதையோ ராணுவம் சுட்டதில், ஒரு குண்டு எங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. விடிந்ததும் பார்த்தால் வேலியோரம் செத்துக் கிடந்தது காட்டுப்பன்றி. அம்மா ஒரு துணியைத் திரித்து அந்த ஓட்டையை அடைத்திருந்தாள். அப்பா துணியை உருவி, வெளிச்சம் உள்ளே விழுவதைக் காட்டினார்.

கடைசியாக அறைக்குள் கூட்டிப் போனார். ஜன்னலோரக் கட்டிலைத் தொட்டு, தன் மனைவி இங்கேதான் 'மாத்தி', செத்தாள், என்று மலாயில் சொன்னார். அந்த ஒரு சொல் போதும். கிழவி மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காடி கிளம்பிப் போன பிறகும் அப்பா கை காட்டிக்கொண்டு நின்றார்.

"அத ஏம்பா சொன்னீங்க?"

"ஒருத்தி செத்த எடத்துல இன்னொருத்தி படுக்கப் போறா. சொல்ல வேணாமா?"

"வூடு விக்கறவன் வூட்டுல உள்ள ஓட்டையப் பத்திப் பேசவே கூடாது."

"ஒனக்கு வேலயே அதானே? பாலத்துல விரிசல் இருந்தா எழுதி மேல அனுப்பறதுக்குத்தானே கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?"

"பாலத்த நான் விக்கலப்பா."

அதற்கு அவர் சிரித்தார். என் வேலையைப் பற்றி அவர் சொன்னது சரிதான். பொதுவேலை இலாகாவில் டெக்னீஷியன். ஒரு கட்டடம் எங்கே பலமாக இருக்கிறது, எங்கே பலவீனமாக இருக்கிறது என்று பார்ப்பேன். அந்த வீட்டில் தூண்கள் பலம். அப்பா அவற்றை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. தூண் கெட்டியாக இருப்பது அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தியாகப் படவில்லை.

விலையிலும் அவருக்கு ஒரு பிழை இருந்தது. நல்லசாமி மூலைத் துண்டுக்கு என்ன கேட்டாரோ அதுதான் வீட்டின் விலை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏன் அந்த விலை என்று யாராவது கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுவார், நோன்புப் பெருநாள் கெடு உட்பட. அதைக் கேட்ட ஒருவர் வாய் நிறையச் சாப்பிட்டுவிட்டு, "பெருநாளுக்கு மொத நாள் வர்றேன், மண்டோரே. அப்ப ஒங்க வெலயப் பாப்பம்" என்று சொல்லிப் போனார்.

பக்கத்துத் துண்டில் ட்ராக்டர் வந்து இறங்கியது. பழைய ரப்பர் மரங்கள் வேரோடு சாய்கிற சத்தம் கோலா சாவா கடைத்தெருவரை கேட்டது. அப்பா அன்று சாயங்காலம் இடுகாட்டுக்குப் போய், அம்மாவின் மேட்டுக்கும் மற்ற மேடுகளுக்கும் தலைமாட்டில் குச்சி நட்டுவிட்டு வந்தார். தெரியாமல் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. தெரிந்தே ஏற்றப் போகிறவனுக்குக் குச்சி என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நோன்பு மாதம் பிறந்தது. ஒரு ஞாயிறு, பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க் கிராமத்திலிருந்து, ஒரு ஹாஜியும் அவர் மனைவி ஹலிமாவும் வந்தார்கள்.

"மொதல்ல..." என்று தொடங்கிய அப்பா பாதியில் நிறுத்தினார். புவாசா, நோன்பு. உள்ளே ஓடிப்போய் அடுப்பிலிருந்த சட்டியை மூடினார். மணம் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார். சோறு போடாமல் ஒரு விருந்தாளியின் எதிரே நிற்பது அவருக்கு அரைக்கால் சட்டை இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

வேறு வழியில்லாமல் பேச்சைத் தொடங்கினார். ஹாஜியைப் பார்த்து, "ரூமா பாகுஸ், தாப்பி பொச்சோர்" என்றார். வீடு நல்ல வீடு, ஆனால் ஒழுகும். ஹாஜி புன்னகை செய்தார். குண்டு ஓட்டையைக் காட்டினார். ஹாஜி புன்னகை செய்தார். ஹாஜியின் கையில் இருந்தது மனைவியின் குடை. அந்த அம்மாள் இதற்குள் வீட்டுக்கு அடியில் குனிந்து போய், ஒவ்வொரு தூணையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, முக்காட்டில் ஒட்டிய நூலாம்படையைத் தட்டிவிட்டுச் சொன்னார். மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அவரிடம் ஏன் சொல்கிறீர்கள்? எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பெருநாள் கழிந்து என் மகளுக்குக் கல்யாணம். வாங்குகிறவள் நான். என்னிடம் பேசுங்கள்."

அப்பா திகைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். ஒழுகும் தகரம். "தகரம் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். குண்டு ஓட்டை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, அப்போது தலையணை எங்கே இருந்தது என்று கேட்டார். அப்பா கீழே காட்டினார். "நல்ல வீடு" என்று சிரித்தார் ஹலிமா. மாக்சிக், அதாவது அத்தை, என்றுதான் அவரை அழைத்தோம். பிறகு அறை. நான் தரையைப் பார்த்தேன். அப்பா சொல்லிவிட்டார், மனைவி இங்கேதான் மாத்தி என்று.

"வலியோடு போனாளா?"

அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இல்லை, மாக்சிக். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். அப்புறம் கேட்கவில்லை."

அந்த அம்மாள் கட்டிலை ஒருமுறை பார்த்தார். "நான் இந்த அறையை வாங்கவில்லை. மரத்தை வாங்குகிறேன். பிரித்துக்கொண்டு போய் எங்கள் கம்பத்தில் நிறுத்துவேன்" என்றார்.

அப்பா விலையைச் சொன்னார். அவர் அதில் பாதியைச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் பேரம் பேசியதில்லை. அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆகவே காரணத்தைச் சொன்னார். எஸ்டேட், மூலைத் துண்டு, ட்ராக்டர், தலைமாட்டுக் குச்சிகள், எல்லாவற்றையும். உடைந்த மலாயில் அது நீண்ட கதையாக இருந்தது. மாக்சிக் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் மனம் இளகிவிட்டது என்று நான் நம்பத் தொடங்கினேன்.

"கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விலை அதிகம்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அப்படி அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். ஹாஜியும் சிரித்தார். மாக்சிக் மட்டும் சிரிக்கவில்லை. தூண்களைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"சரி. விலை நீங்கள் சொன்னது. வேலையும் உங்களுடையது. பிரித்து, எது எங்கே என்று எண் போட்டு, லாரியில் ஏற்றித் தர வேண்டும். பெருநாளுக்கு முன்னால். உடைகிற பலகைக்குக் கழிப்பேன்."

"ஒடையாது, மாக்சிக்" என்று அப்பா தமிழிலேயே சொன்னார். அவர் புரிந்துகொண்டார். ஹாஜி கை கொடுத்தார்.

நான் லீவு போட்டேன். வீட்டைக் கட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. பிரிப்பதற்கு அதையே தலைகீழாகப் போக வேண்டும். முதலில் தகரம், பிறகு கைமரம், பிறகு சுவர்ப் பலகை. நான் தாரில் எண் எழுதினேன். அப்பா ஆணிகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் கல்லில் வைத்து நிமிர்த்தி, டின்னில் போட்டார். சுவர் போன பிறகு வீட்டுக்குள் நேராக வெயில் விழுந்தது. எனக்கு அந்த வெயில் பிடிக்கவில்லை. இறுகிப்போன ஒரு சட்டத்தை நாங்கள் இருவரும் இரு முனைகளில் பிடித்து ஆட்டியபோது, "இழு. வுடு. இழு" என்றார். யாருடைய தாளம் என்று இருவருக்கும் தெரியும்.

சமையலறைத் தரையில் ஒரு பலகை நடுவில் குழிந்திருந்தது. அம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம். பளபளவென்று இருந்தது. அதை மட்டும் நாம் வைத்துக்கொண்டு வேறு பலகை கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"நாம வெச்சிக்கிட்டு என்னா செய்யறது? செவுத்துல மாட்டறதா? நம்பர் போடு. சமையக்கட்டுனு எழுது. அந்தப் புள்ள குந்தட்டும்."

எழுதினேன்.

ஒரு பலகை உடைந்தது. உடைத்தது நான், நெம்புகோலை அவசரமாக அழுத்திவிட்டேன். மாக்சிக் வந்து குடை நிழலில் நின்று எண்களைச் சரிபார்த்தார். உடைந்ததைக் கண்டுபிடித்தார். சொன்னபடி கழித்தார். அந்தக் குறையை அப்பா ஒட்டுப்பால் மூட்டைகளை விற்று ஈடுகட்டினார். குண்டு துளைத்த பலகை முன்பக்கம்தான் வர வேண்டும் என்று மாக்சிக் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவாராம்.

பெருநாளுக்கு முந்தின நாள், "அப்ப ஒங்க வெலயப் பாப்பம்" என்று சொன்ன மனிதர் சொன்னபடி வந்தார். தூண் நின்ற இடங்களில் நாலைந்து கற்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே கல் அடுப்பு மூட்டி அப்பா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரையும் உட்காரவைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

மூலைத் துண்டின் கிராண்டு அப்பா பெயருக்கு மாறியது. அவர் இப்போது என்னோடு அம்பாங்கானில் இருக்கிறார். தபால்காரரும், தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவரும் எங்கள் வீட்டுக்கு மத்தியானத்தில் வருவதாக நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் மண்வெட்டியோடு இடுகாட்டுக்குப் போய்விடுவார். கண்டக்டர் மண்வெட்டிக்கும் டிக்கெட் கேட்டு அவரோடு சண்டை போட்டு, இப்போது கேட்பதை விட்டுவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நானும் போனேன். செத்தவர்களுக்குப் படைக்கும் நாள். லயங்களை இடித்துவிட்டதால் எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருந்தார்கள். பக்கத்துத் துண்டுக்காரர் தம் எல்லையில் முள்கம்பி வேலி இழுத்திருந்தார். லயத்திலிருந்து இடுகாட்டுக்கு வரும் பழைய ஒற்றையடிப்பாதை அந்த வேலியில் முட்டி நின்றது. நான் அம்மாவின் மேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா யார் யாருடைய மேடுகளையோ வெட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை என்பவள் வந்து நின்றாள். அப்பாவின் வரிசையில் பால் வெட்டியவள். இப்போது ரந்தாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய மூத்த பையன் இங்கே, ஆற்றோரத்தில் படுத்திருக்கிறான். கையில் பூப்பொட்டலமும் ஒரு போத்தல் பாலும். கம்பியைத் தொடாமல் எட்டியே நின்றாள்.

"மண்டோரண்ணே."

"என்னாம்மா பஞ்சால, இவ்ளோ தூரத்துல நிக்கிற?"

"இது இப்ப ஒங்க கிராண்டுனு சொன்னாங்க."

"ஆமாலா."

"உள்ள வரலாமாண்ணே?"

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியருகே போனார். கீழ்க் கம்பியை வலது காலால் மிதித்துத் தரையோடு அழுத்தினார். மேல் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி, தாழ்ந்த அந்த வலது தோள் உயரும் மட்டும் தூக்கிப் பிடித்தார். பஞ்சாலை பால் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் முந்தானையில் முள் இழுக்காமல் முழுவதுமாக இந்தப் பக்கம் வரும்வரை, அவர் கையை இறக்கவில்லை.